யாழ்ப்பாணத்தில் ரேஸ் கட்டமரானுக்குப் பாய்மரம் பூட்டி நிறுத்துவது எப்படி?

வெளிநாட்டிலிருந்தோ கொழும்பிலிருந்தோ பழைய ரேஸ் கட்டமரான் (இரண்டு உடல் கொண்ட போட்டிப் பாய்ப்படகு) ஒன்றை வாங்கி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு ஹல்களையும் (படகின் உடல்கள்) அவற்றை இணைக்கும் பீம்களையும் பூட்டுவது ஒரு பின்னேர வேலை. எல்லோரும் தடுமாறுவது பாய்மரத்தில்தான். நான் அதிகம் அலைந்ததும் அதற்காகத்தான். வேலை அவ்வளவு கஷ்டமானதல்ல. ஆனால் ஐந்து மில்லிமீட்டர் பின் ஒன்று குறைந்தால் அது இங்கே எந்த ஹார்ட்வெயார் கடையிலும் கிடைக்காது. கரையில் பாய்மரத்தைத் தூக்கிய பிறகு குறை தெரியவந்தால் அன்றைய நாள் போய்விடும். சாமான் வெளிநாட்டிலிருந்து வரவேண்டுமென்றால் அந்த ஆண்டுக் காற்றே போய்விடும். ஆகவே கீழே உள்ளதில் பெரும்பகுதி, நிலத்தில் இருந்துகொண்டு செய்யும் வேலையைப் பற்றியது.

நான் அடிப்படையாக எடுத்துக்கொள்வது ஃபோர்மியூலா 18 வகுப்புப் படகு: 5.52 மீட்டர் நீளம், 2.60 மீட்டர் அகலம், ஏறத்தாழ 9 மீட்டர் அலுமினியப் பாய்மரம். உங்களுடையது ஹோபி 16 என்றால் பாய்மரம் 8 மீட்டர் அளவில் இருக்கும். அதில் டயமண்ட் கம்பிகள் இல்லை, எனவே 6ஆம் படியை விட்டுவிடலாம். கார்பன் பாய்மரம் என்றால் தயாரிப்பாளரின் கையேடு கையில் இல்லாமல் ஒரு துளைகூடப் போடாதீர்கள்.

1. காலத்தை முதலில் கணக்கிடுங்கள்

யாழ்ப்பாணத்தில் பாய்க்கு ஏற்ற காற்று சோளகம்தான். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து விடாமல் அடிக்கும். மார்ச்சும் ஏப்ரலும் ஓய்ந்த மாதங்கள். பூட்டும் வேலையை அப்போது முடிக்க வேண்டும். அதற்கு, பெப்ரவரி முடிவதற்குள் படகு உங்கள் முற்றத்துக்கு வந்திருக்க வேண்டும். விற்பவரோடு பேசி முடிப்பதை அதற்கு முந்தைய ஒக்டோபரிலேயே தொடங்குங்கள். மாரி மழையில் முற்றத்தில் வைத்து ஒட்டு வேலை செய்யவே வேண்டாம். ஈரத்தில் எபொக்ஸியும் சீலன்டும் ஒழுங்காகப் பிடிக்காது.

பூட்டும் வேலைக்கு மட்டும் எவ்வளவு காலம் பிடிக்கும்? இரண்டு துண்டாக வந்த பாய்மரம் என்றால் ஒட்ட ஒரு நாள், காய ஒரு வாரம். கம்பிகளைச் சோதித்துப் பூட்ட இரண்டு மூன்று பின்னேரங்கள். நிறுத்தி நேராக்க ஒரு காலைப்பொழுது.

2. பத்திரங்கள்: எல்லாம் ஒரே பட்டியலில் வரட்டும்

வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் விலைப்பட்டியல், பொதிப்பட்டியல், பில் ஒஃப் லேடிங் (கப்பல் சரக்குப் பத்திரம்), காப்புறுதிப் பத்திரம், உங்கள் வரி செலுத்துநர் அடையாள இலக்கம், தேசிய அடையாள அட்டை ஆகியவை தேவைப்படும். பில் ஒஃப் லேடிங்கில் உங்கள் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்து மாறினாலும் திருத்தக் கடிதம் கேட்பார்கள். அதற்குள் துறைமுகக் களஞ்சியக் கட்டணம் ஏறிவிடும்.

பெரிய பொறி இன்னொன்று. சில விற்பனையாளர்கள் படகை ஒரு பொதியாகவும் பாய்மரத்தைப் பிறகு தனிப் பொதியாகவும் அனுப்பலாம் என்பார்கள். சம்மதிக்காதீர்கள். 7.5 மீட்டருக்கு மேற்படாத பாய்ப்படகு சுங்க வகைப்பாட்டில் 8903.21 இன் கீழ் வரும். கழற்றிய நிலையில் இருந்தாலும் முழுப்படகாக ஒன்றாக வந்தால் அது படகுதான். தனியே வரும் அலுமினியப் பாய்மரம் படகாகக் கணிக்கப்படாது. அத்தியாயம் 89 இல் உதிரிப்பாகங்களுக்குத் தனித் தலைப்பு இல்லை; அது அலுமினியப் பொருள் என்ற கணக்கில் போய், வேறு வரி, வேறு விளக்கம் என்று இழுபடும். ஹல், பீம், பாய்மரம், பாய், கம்பி எல்லாமே ஒரே விலைப்பட்டியலில், ஒவ்வொன்றின் விலையும் தனித்தனியே எழுதப்பட்டு வரட்டும். பாவித்த பொருள் என்றால் அதையும் வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். இறக்குமதிக்கு முன்அனுமதி வேண்டுமா என்பதைச் சுங்க முகவரிடம், சாமான் கப்பலேறுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வையுங்கள்.

கொழும்பில் உள்ள ஒருவரிடம் வாங்கினால் விற்பனைக் கடிதம், அவருடைய அடையாள அட்டைப் பிரதி, படகு இறக்குமதியான காலத்துச் சுங்கப் பிரகடனத்தின் பிரதி ஆகியவற்றை வாங்குங்கள். போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் அளவீட்டுச் சான்றிதழையும் கேளுங்கள். பிற்பாடு பாய்மரத்தையோ பாயையோ மாற்றினால் திரும்ப அளக்க வேண்டிவரும்.

கரைக்கும் ஒரு கடிதம் வேண்டும். எந்த இறங்குதுறையில் படகை வைக்கப்போகிறீர்களோ அங்குள்ள கடற்றொழிலாளர் சங்கத் தலைவரை முதலில் நேரில் போய்ப் பாருங்கள். வலைகள் எங்கே கட்டப்பட்டிருக்கின்றன, எந்த நேரம் படகுகள் வந்துபோகும் என்பதை அவர்களைத் தவிர யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது. அவர்களுடைய சம்மதத்தோடு, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான கடற்படை முகாமுக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியில் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

3. செலவு: நீளத்துக்குத்தான் காசு, எடைக்கு அல்ல

ரூபாய்த் தொகை டொலரோடு மாறும். கணக்கிடும் முறையைத் தெரிந்துகொண்டால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

பின்னாளில் மாற்றுப் பாய்மரம் மட்டும் வரவழைக்க நேர்ந்தால், பொதி செய்த பாய்மரம் 9.2 மீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் உயரம் என்று வையுங்கள். அது 0.46 கன மீட்டர். மற்றவர்களோடு பகிரும் கொன்டெயினரில் பெரும்பாலும் 1 கன மீட்டரே குறைந்தபட்சக் கட்டணம். அதாவது பாதி இடத்துக்குச் சும்மா காசு கொடுக்கிறீர்கள். அந்த மிச்ச இடத்தை உதிரிக் கம்பி, கயிறு, பின்கள், எபொக்ஸி என்று நிரப்பச் சொல்லுங்கள். விமானத்தில் என்றால் கன சென்டிமீட்டரை 6000 ஆல் வகுப்பார்கள். அதே பொதி 76 கிலோவுக்கு மேல் கணக்காகும். உண்மை எடை அதில் மூன்றில் ஒன்றுகூட வராது.

சுங்க வரிகள் பொருளின் விலைக்கு மட்டுமல்ல. விலை, காப்புறுதி, கப்பல் கூலி மூன்றையும் கூட்டிய பெறுமதிக்கு வரும். கப்பல் கூலி ஏறினால் வரியும் சேர்ந்து ஏறும். பெறுமதி சேர் வரி மட்டும் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். முகவரிடம் மொத்தத் தொகையைக் கேட்காதீர்கள். ஒவ்வொரு வரியும் தனி வரிசையாக எழுதிய மதிப்பீட்டைக் கேளுங்கள். துறைமுகத்தில் எத்தனை நாள் இலவசம், அதன்பின் நாளுக்கு எவ்வளவு என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள்.

4. இரண்டு துண்டா, ஒரே துண்டா?

20 அடிக் கொன்டெயினரின் உள் நீளம் 5.9 மீட்டர்தான். 9 மீட்டர்ப் பாய்மரம் முழுதாக வர 40 அடிக் கொன்டெயினர் தேவை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். 20 அடி லொறியிலும் மூன்று மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பட்டா வாகனத்தை நினைக்கவே வேண்டாம்.

ஒரே துண்டாகக் கொண்டுவர வழி இருந்தால் அதையே செய்யுங்கள். முடியாவிட்டால், தயாரிப்பாளர் உள்குழாய் வைத்து இணைப்பதற்கென்றே செய்த பாய்மரமா என்று பாருங்கள். அப்படி இல்லாத பாய்மரத்தை அறுத்து அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் அந்த வியாபாரத்தை விட்டுவிடுங்கள்.

லொறியில் மூன்று இடங்களில் பலகை வைத்துத் தாங்குங்கள். பலகைக்கும் பாய்மரத்துக்கும் நடுவே சாக்கு வையுங்கள். பாய்மரத்தின் இரு பக்கமும் நீட்டி நிற்கும் ஸ்ப்ரெடர் கைகளைக் கழற்றித் தனியே கட்டுங்கள். கயிறு போடும்போது பாய் ஓடும் பள்ளத்தின் உதடுகளை நசுக்காதபடி பாருங்கள். உதடு நசுங்கினால் பாய் ஏறாது. பின்னால் நீட்டும் முனையில் சிவப்புத் துணி கட்டுங்கள்.

ஏற்றும் முன் விற்பவரிடம் ஒன்றைக் கெஞ்சியாவது செய்விக்க வேண்டும். ஒவ்வொரு கம்பியிலும் டேப் ஒட்டி அது எது என்று எழுதவும், பூட்டியிருந்த நிலையில் ஒவ்வொரு இணைப்பையும் படம் எடுத்து அனுப்பவும் சொல்லுங்கள். எனக்கு வந்தது ஒரு சுருள் கம்பி. எது ஷ்ரௌட் (பாய்மரத்தை இரு பக்கமும் பிடிக்கும் கம்பி), எது ட்ரபீஸ் (ஓட்டுபவர் தொங்கும் கம்பி) என்று பிரிக்கவே நீண்ட நேரம் போனது.

5. இரண்டு துண்டுகளை இணைத்தல்

முதலில் பசை இல்லாமல் பூட்டிப் பாருங்கள். பாய்மரத்தை நான்கு வாங்குகளின் மேல் கிடத்தி, அடியிலிருந்து நுனிவரை தங்கூசி நூலை இழுத்துக் கட்டி நேர் பாருங்கள். பிறகு பாயின் முன்விளிம்புக் கயிறு அளவுள்ள ஒரு கயிற்றுத் துண்டைப் பள்ளத்தில் இழுத்து, மூட்டைத் தாண்டித் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடாவிட்டால் அரத்தால் மெதுவாகச் சரிசெய்யுங்கள். பசை காய்ந்த பிறகு இதைச் சரிசெய்ய வழியே இல்லை.

ஒட்டும் பரப்பை உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, உடனே ஒட்டுங்கள். காலை ஏழு மணிக்குள் தொடங்குங்கள். நம்மூர்ப் பகல் வெயிலில் எபொக்ஸி கலக்கும் கிண்ணத்திலேயே இறுகிவிடும். மெதுவாக இறுகும் வகை வாங்கி, சிறிது சிறிதாகக் கலக்குங்கள். பள்ளத்துக்குள் வழிந்த பசையைத் துணி சுற்றிய குச்சியால் அப்போதே எடுத்துவிடுங்கள். 24 மணி நேரம் தொடாதீர்கள். ஒரு வாரம் பாரம் கொடுக்காதீர்கள்.

அடுத்தது காற்றுப்புகாமை. படகு கவிழும்போது பாய்மரம் மிதக்க வேண்டும். தண்ணீர் புகுந்தால் படகு முழுதாகத் தலைகீழாகும். ஒவ்வொரு ரிவெட் தலையிலும் மூட்டிலும் சோப்புத் தண்ணீர் பூசி, அடியிலிருந்து சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்றடியுங்கள். குமிழி வரும் இடத்தில் சீலன்ட் வையுங்கள். யாழ்ப்பாணக் கடனீரேரியில் இது இரட்டிப்பு முக்கியம். ஆழம் மிகக் குறைவு என்பதால் கவிழ்ந்தால் நுனி சேற்றில் குத்திவிடும். நுனியில் ஒரு சிறு மிதவை கட்டுவது போட்டிக்காரருக்குப் பிடிக்காது. இங்கே பழகும் முதல் ஆண்டில் கட்டித்தான் ஆக வேண்டும் என்பது என் முடிவு.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணி அலுமினியத்தைத் தொடும் இடமெல்லாம் அரிப்புத்தடுப்புப் பசை பூசுங்கள். உப்புக்காற்றில் ஸ்டீலைத் தொடும் அலுமினியம் அரித்து, பிறகு திருகாணி கழலவே கழலாது.

6. டயமண்ட் கம்பிகள்

பாய்மரத்தின் இரு பக்கமும் ஸ்ப்ரெடர் கைகளைத் தாண்டிப் போகும் இரண்டு கம்பிகள் இவை. பாய்மரம் பக்கவாட்டில் வளையாமலும், முன்னோக்கி அளவாக வளைந்தும் நிற்பது இவற்றால்தான். வலது இடது இரண்டுக்கும் அடியிலுள்ள முறுக்கியை ஒரே எண்ணிக்கையில் திருகுங்கள்: இதில் இரண்டு சுற்று, அதில் இரண்டு சுற்று. இடையிடையே அடியில் கண்ணை வைத்துப் பள்ளத்தின் நேரைப் பாருங்கள். நுனி ஒரு பக்கம் ஓடினால் அந்தப் பக்கக் கம்பி இறுக்கம் கூட.

முன்வளைவை அளக்க, பள்ளத்தின் மேலாக நுனியிலிருந்து அடிவரை நூலை இறுக்கிக் கட்டி, ஸ்ப்ரெடர் உயரத்தில் நூலுக்கும் பாய்மரத்துக்கும் உள்ள இடைவெளியை மில்லிமீட்டரில் எடுங்கள். எவ்வளவு வேண்டும் என்பது பாய் தைத்தவரின் அட்டவணையில் இருக்கும். அந்த அட்டவணையைப் பாயோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். இழுவிசையை அளக்கும் லூஸ் கேஜ் கருவி ஒன்று வாங்க முடிந்தால் நல்லது. விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் கைகாட்டும் இறுக்கம் ஆளுக்காள் மாறும்.

கடைசியில் முறுக்கிகளுக்குப் பூட்டு வளையம் போட்டு டேப் சுற்றுங்கள். ஸ்ப்ரெடர் நுனிகளிலும் டேப் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் பாயைக் கிழிக்கும்.

7. கம்பிகளைச் சோதித்தல்

இந்தப் படியில் சிக்கனம் பார்க்காதீர்கள். கம்பியின் வயது தெரியாவிட்டால் இரண்டு ஷ்ரௌட், பாய்மரத்தை முன்பக்கம் பிடிக்கும் ஃபோர்ஸ்டே மூன்றையும் புதிதாக மாற்றுங்கள். ஒரு கம்பி அறுந்தால் பாய்மரம் ஆட்களின் மேல்தான் விழும்.

பழையதை வைத்துக்கொள்வதென்றால் பஞ்சால் முழு நீளமும் தடவுங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் இழை அறுந்திருக்கிறது. அந்தக் கம்பி குப்பைக்கு. முனைகளில் அழுத்திய உலோக உறையைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். முடிபோன்ற கீறல் ஒன்று, அல்லது உறைக்குள்ளிருந்து வழிந்த பழுப்பு நிறம் தெரிந்தால் அதையும் மாற்றுங்கள். இரண்டு ஷ்ரௌட்களையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டு நீளம் ஒத்துப் போகிறதா பாருங்கள்.

ஹார்ட்வெயார் கடையில் நாகம் பூசிய இரும்புக் கம்பியும், நட் போல்ட் போட்டு இறுக்கும் யூ கிளிப்பும் தருவார்கள். இரண்டும் இந்த வேலைக்கு உதவாது. தேவையானது 19 இழைகளை ஒன்றாக முறுக்கிய ஸ்டெயின்லெஸ் கம்பி, இயந்திரத்தில் அழுத்திய முனைகளுடன். அளவைச் சொல்லி முனை அழுத்தியே வெளியிலிருந்து எடுப்பியுங்கள். வலைக்கயிறாக இங்கே எங்கும் கிடைக்கும் நைலோன் கயிறு மீன்பிடிக்கு அருமையானது, பாயை ஏற்றும் கயிறான ஆஞ்சானுக்கு ஆகாது. பாரம் ஏறினால் நீளும், பாய் தொய்யும். நீளாத பொலியெஸ்டர் அல்லது டைனீமா வாங்குங்கள்.

ஷேக்கிள் (கம்பியை இணைக்கும் கொக்கி), கிளெவிஸ் பின் (குறுக்கே செருகும் ஆணி), அந்தப் பின் கழலாமல் தடுக்கும் பூட்டு வளையம் ஆகிய மூன்றும் தேவையைப்போல் இரண்டு மடங்கு இருக்கட்டும். மணலில் விழுந்த பூட்டு வளையத்தை யாரும் கண்டெடுத்ததில்லை.

8. ஆஞ்சானை நிலத்திலேயே ஓட்டிப் பாருங்கள்

பாய்மரம் கிடக்கும்போதே பெரிய பாயை நுனிவரை இழுத்து, நுனியில் உள்ள பூட்டில் மாட்டி, திரும்பக் கழற்றுங்கள். குறைந்தது ஐந்து முறை. மாட்டும் பிடி கைக்கு வரவேண்டும். கழற்றும் பிடி அதைவிட முக்கியம். காற்று ஏறும்போது பாயை இறக்க முடியாமல் போவதுபோல ஆபத்து வேறில்லை. பிறகு ஆஞ்சானின் இரு முனைகளையும் பாய்மர அடியில் கட்டிவையுங்கள். ஒரு முனை நழுவி மேலே போனால் பாய்மரத்தைத் திரும்ப இறக்க வேண்டியதுதான்.

9. இடம்: முதலில் மேலே பாருங்கள்

நிறுத்திய பாய்மரம் நிலத்திலிருந்து பத்து மீட்டர் அளவில் நிற்கும். கரையோர வீதிகளில் மின்கம்பிகள் அதைவிடத் தாழ்வாகப் போகும். அலுமினியமும் மின்சாரம் கடத்தும், கார்பனும் கடத்தும். உயர் அழுத்தக் கம்பி என்றால் தொடக்கூட வேண்டியதில்லை, நெருங்கினாலே பாயும். அமெரிக்காவில் ஹோபி பாய்மரங்களின் நுனியை மின்கடத்தாத பொருளில் செய்யத் தொடங்கியது இப்படி ஆட்கள் இறந்ததால்தான். வீட்டு முற்றத்தில் நிறுத்தி, ட்ரொலியில் கரைக்குத் தள்ளிச் செல்லாதீர்கள். கரையில், திறந்த மணலில், கடலுக்கும் படகுக்கும் நடுவே ஒரு கம்பியும் இல்லாத இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். காரைநகர் கசூரினா கடற்கரையில் சவுக்கு மரங்களுக்குக் கீழே நிழல் நன்றாக இருக்கும். அங்கே வேண்டாம், வெளியே வாருங்கள். ஒக்டோபர், நவம்பரில் இடி கேட்டால் வேலையை நிறுத்திப் பாய்மரத்தைக் கிடத்துங்கள்.

10. தூக்குதல்

நான்கு பேர் வேண்டும். சோளக காலத்தில் காலை எட்டு மணிக்கு முன் முடியுங்கள். படகை மட்டமான மணலில் வைத்து, மெல்லிய காற்று பின்பக்கத்திலிருந்து வரும்படி திருப்புங்கள். ஷ்ரௌட்கள் பாய்மரத்துக்குப் பின்னால் கட்டப்படுவதால் அது முன்னோக்கி விழாமல் அவை பிடித்துக்கொள்ளும். ஃபோர்ஸ்டே பூட்டும்வரை பின்னோக்கி விழுவதுதான் பயம்.

பாய்மரத்தைப் பின்னோக்கிக் கிடத்தி, அடியை முன் பீமின் நடுவில் உள்ள பந்தின் மேல் வைத்து, கீல் பின்னைப் போடுங்கள். இரண்டு ஷ்ரௌட்களையும் ஹல்லில் உள்ள துளைத்தகட்டின் மிகத் தளர்ந்த துளையில் பூட்டி, வளையம் போட்டு, இழுத்துப் பாருங்கள். ஃபோர்ஸ்டேயின் முனையில் நீளமான கயிறு கட்டி அணியத்துக்கு (படகின் முன்முனைக்கு) முன்னால் கொண்டுபோங்கள்.

ஒருவர் ஹல்களுக்கு நடுவே கட்டிய துணித்தளமான ட்ரம்போலினில் நின்று தோளில் தூக்கி முன்னோக்கி நடப்பார். இன்னொருவர் பின்னால் நின்று நுனிப்பக்கத்தை உயர்த்திக் கொடுப்பார். மூன்றாமவர் கயிற்றை இழுப்பார். நான்காமவருக்கு ஒரே வேலைதான்: ஷ்ரௌட் எதுவும் சுக்கானிலோ ஹல்லுக்கு அடியிலோ சிக்காமல் பார்ப்பது, கம்பியின் முனைத்தகடு மடங்கினால் "நில்" என்று கத்துவது. மடங்கிய தகட்டோடு தூக்கினால் திருகாணி வளைந்து, பிறகு ஒருநாள் கடலில் முறியும். அந்த நான்காமவராக அனுபவசாலியை வையுங்கள். தூக்குவதற்குப் பலமுள்ள யாரும் போதும்.

பாய்மரம் நின்றதும் இழுப்பவர் கயிற்றை விடக்கூடாது. ஃபோர்ஸ்டே அணியத்துக் கம்பிகளோடு பூட்டி, பின் போட்டு, வளையமும் போட்ட பிறகே விடலாம். கடைசியில் கீல் பின்னைக் கழற்றுங்கள். அது இருந்தால் பாய்மரம் சுழலாது.

11. நேராக்கி, சாய்வை எடுத்தல்

ஒரு ட்ரபீஸ் கம்பியின் பிடியை வலது ஹல்லில் ஓர் இடத்துக்கும், இடது ஹல்லில் அதே இடத்துக்கும் கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டும் ஒத்துவந்தால் பாய்மரம் நடுவில் நிற்கிறது. பிறகு அதே பிடியை அணியத்துக் கம்பி ஹல்லில் பூட்டியிருக்கும் இடத்துக்கு நீட்டி, நீளத்தைக் கையால் பிடித்து, அப்படியே பின்பக்கம் கொண்டுபோங்கள். ஹல்லின் பின்முனையில் எங்கே தொடுகிறதோ அதுதான் உங்கள் சாய்வு, அதாவது பாய்மரம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. டேப்பால் குறியிடுங்கள்.

ஷ்ரௌட்களை ஒவ்வொரு துளையாக இறுக்கும்போது இரு பக்கமும் ஒரே இலக்கத் துளையில் இருக்க வேண்டும். கையால் திருப்பினால் பாய்மரம் இரு பக்கமும் ஏறத்தாழ 90 பாகை சுழல வேண்டும். சுழல மறுத்தால் இறுக்கம் அளவுக்கு மிஞ்சிவிட்டது. ஓடும்போது காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க ஷ்ரௌட் தொய்ந்திருப்பது இந்தப் படகுகளில் இயல்பு. புதியவர்கள் அதைப் பார்த்துத்தான் கூட இறுக்கிவிடுகிறார்கள்.

எல்லாத் துளை இலக்கங்களையும் படம் எடுத்து வையுங்கள். அடுத்த முறை இந்தப் படி பத்து நிமிடம்தான்.

12. முதல் ஓட்டத்துக்குப் பிறகு

புதிய கம்பி முதல் நாளில் கொஞ்சம் இடம்கொடுக்கும். கரை திரும்பியதும் டயமண்ட் இறுக்கத்தையும் சாய்வையும் திரும்ப அளந்து சரிசெய்யுங்கள். எல்லா வளையங்களையும் விரலால் தொட்டு எண்ணுங்கள்.

கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். தீவுப்பகுதிக் கிணறுகள் பல உவர். அந்தத் தண்ணீர் காய்ந்தால் திரும்ப உப்புத்தான். இரண்டு கான் நல்ல தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோய், முறுக்கிகள், அழுத்திய முனைகள், அடிப்பந்து, நுனிப்பூட்டு ஆகியவற்றுக்கு அதைச் செலவழியுங்கள். மிச்சத்தைப் பாய்ப் பள்ளத்துக்குள் ஊற்றுங்கள்.

படகைக் கரையில் நிற்கவிட்டுப் போவதென்றால் இரண்டு பக்கமும் மணலில் ஆழமாகக் குற்றி அடித்துக் கட்டுங்கள். பாய் இல்லாத பாய்மரம்கூடச் சோளகத்தில் படகைப் புரட்டப் போதும். செப்டெம்பர் முடிந்ததும் பாய்மரத்தை இறக்கி, கம்பிகளைப் பெயர் எழுதிச் சுருட்டி, கூரைக்குக் கீழே மட்டமாகக் கிடத்துங்கள்; மாற்ற வேண்டிய பின்களின் பட்டியலையும் அன்றைக்கே எழுதி அனுப்பிவிடுங்கள், மார்ச்சுக்குள் வந்துசேரும்.